நிலக்கோப்பா, ஊர் வரலாற்று நூலா?

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் முதலில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையைத் தேடுகிறவருக்கு முக்கியமான வழிகள் இரண்டு: அரசின் நிலக்கோப்பு, ஊரார் தொகுத்த வரலாற்று நூல்.

1872-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் கிடைத்தது. மூன்று ஆண்டு குடியிருந்து, உழுது, வீடு கட்டிக் காட்டினால்தான் பட்டா. நிலக்கோப்பில் உள்ள அந்தப் பட்டா மனுவில் எல்லாம் இருக்கும்: எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் உழுதார், மாடு எத்தனை, வீட்டின் மதிப்பு என்ன, அக்கம்பக்கத்தார் சொன்ன சாட்சி. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்ட ஒரு பெருக்கல் குறியைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஆனால் மனைவி அதில் வெறும் எண்ணிக்கைதான்.

அவளைத் தேட ஊர் நூலுக்குத்தான் போகவேண்டும். 1905-இல் உருவான ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களின் 75-ஆம் ஆண்டையொட்டி இத்தகைய நூல்கள் ஏராளமாக வந்தன. புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு, மழைக்கு ஒழுகும் கூரை, முதல் பனிக்காலம் என்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியிருப்பார்கள். ஆண்டுகள் பிசகும். தோற்று ஊரைவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். கைவிட்ட மனுவைத் தேட மறுபடியும் கோப்புதான்.

அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த க்ரீ பழங்குடி மக்களைப் பற்றி இரண்டுமே அநேகமாக மௌனம். அது எனக்கு வலிக்கிற குறை.

முதலில் ஊர் நூலைத் திறந்து பாருங்கள். அதில் நிலத்தின் எண் கிடைத்தால் கோப்பைக் கேட்டு வாங்குவது எளிது.