கேப்புக்கு வாரண்டி உண்டு, பல்லுக்கு?

வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலரும் பல் வேலையை ஊர் லீவுக்கென்றே தள்ளிப்போட்டு வைக்கிறோம். இந்த முறை நானும் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, அதன் மேல் ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகையில் செய்த கேப், அதாவது பல்லுறை, போட்டுக்கொண்டேன். டாக்டர் பொறுமைசாலி. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த இடத்தை மட்டும் தேய்த்து, மறுபடி கடிக்கவைத்துப் பார்த்தார். கையில் 10 ஆண்டு வாரண்டி கார்டும் கொடுத்தார்கள்.

இங்கிலாந்து திரும்பிச் சில மாதங்களில் கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தேன். "நேரில் வாங்க, ஃப்ரீயா ஒட்டித் தர்றோம்" என்றார்கள். அதற்காக விமானம் ஏற முடியுமா? அப்புறம்தான் கார்டின் பின்பக்கத்தைப் படித்தேன். கேப்பில் விரிசல் விட்டாலோ உடைந்தாலோ மாற்றித் தருவார்களாம். அது கேப்பைத் தயாரித்த நிறுவனம் தரும் உறுதி. டாக்டரின் கைவேலைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஜிர்கோனியா லேசில் உடையாது. பெரும்பாலும் கெடுவது மற்றதெல்லாம்: சிமென்ட் விட்டுப்போகும், கேப்பின் ஓரத்தில் சொத்தை புகும், வேரில் மறுபடி சீழ் கட்டும். எது கெட வாய்ப்பு குறைவோ அதற்குப் பத்தாண்டு, எது கெடக்கூடுமோ அதற்கு ஒன்றுமில்லை என்பது என்ன நியாயம்?

டாக்டரின் கைவேலைக்குக் கட்டாய வாரண்டி நடக்காத காரியமில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மூலம் செய்த ஃபில்லிங், ரூட் கெனால், கேப் 12 மாதத்துக்குள் கெட்டுப்போனால், சில விதிவிலக்குகள் தவிர, அதே டாக்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் செய்யும் ஃபில்லிங்குக்கும் செயற்கைப் பல்லுக்கும் 2 ஆண்டுப் பொறுப்பு சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் பத்தாண்டைக் கட்டாயமாக்கச் சொல்ல மாட்டேன். வாய் உயிருள்ள இடம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், புகைப்பவர், துலக்காதவர் எல்லோருக்கும் டாக்டர் எப்படிப் பொறுப்பேற்பார்? நீண்ட வாரண்டி கேட்டால், காப்பாற்றக்கூடிய சிக்கலான பல்லைக்கூட "பிடுங்கிடலாம், இம்ப்ளான்ட் வைக்கலாம்" என்று, தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லுக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. அது நமக்குத்தான் நஷ்டம். கைவேலைக்கு ஓராண்டோ இரண்டாண்டோ போதும், ஆனால் அது கட்டாயமாக இருக்க வேண்டும்.

ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது சிகிச்சைக் குறிப்பு. இங்குள்ள டாக்டர் என் கேப்பைப் பார்த்ததும், ரூட் கெனாலுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா, எந்த சிமென்டில் ஒட்டினார்கள் என்றுதான் கேட்டார். என்னிடம் இருந்தது பளபளக்கும் அந்தக் கார்டு மட்டும். இம்ப்ளான்டாக இருந்தால் இன்னும் சிக்கல். தயாரிப்பாளர் பெயரும் அளவும் தெரியாவிட்டால் அதற்குப் பொருந்தும் திருகைத் தேடுவதே பெரும்பாடு.

ஆகவே லீவில் பல் வேலை செய்பவர்கள் பணம் கட்டும்போதே எக்ஸ்ரே, பொருளின் பெயர், அளவு, லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கேப் போடாதீர்கள். சில நாள் மென்று பார்த்தால்தான் கடி உயரமாக இருப்பது தெரியும், அதைச் சரிசெய்ய அதே டாக்டரிடம் போக நேரமும் இருக்கும்.