புதிய நோவா: கண்ணால் மதிப்பிடவா, கேமராவால் அளக்கவா?

நோவா என்பது திடீரென்று வெடித்துப் பிரகாசமாகும் விண்மீன். அதன் பிரகாசத்தை ‘மேக்னிட்யூட்’ எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக் கூட மங்கல். கண்ணால் மதிப்பிட பைனாகுலரும், பிரகாசம் தெரிந்த பக்கத்து விண்மீன்களைக் காட்டும் ஒப்பு விண்மீன் வரைபடமும் போதும். நோவா 6.4, 7.0 எண்ணுள்ள இரு ஒப்பு விண்மீன்களுக்கு நடுவே, பிரகாசமானதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மங்கலாகத் தெரிந்தால் 6.6 என்று குறிக்கலாம். துல்லியம் 0.1 முதல் 0.2 வரை. சிவந்த நோவாவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரகாசம் கூடுவதுபோல் தோன்றும்; நோவாவையும் ஒப்பு விண்மீனையும் சட்டென்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வி வடிகட்டி (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடுவது) போட்ட சிசிடி கேமரா 0.02 வரை துல்லியம் தரும், டார்க் (மூடி போட்டு எடுக்கும் படம்), ஃபிளாட் (சீரான ஒளியில் எடுக்கும் படம்) ஆகிய திருத்தப் படங்களைச் சரியாக எடுத்திருந்தால். வடிகட்டி இல்லாமல் அளப்பதுதான் பெரிய தவறு. நோவா 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற சிவப்பு ஒளியை வாரி இறைக்கும்; சிவப்புக்குக் கூர்மையான சிப் அதையும் சேர்த்து எண்ணி, உள்ளதைவிடப் பிரகாசமாகக் காட்டிவிடும்.

இன்னொரு தவறு செறிவு, அதாவது பிக்சல் ஒளியால் நிரம்பி அளவு பிசகுவது. 2013 ஆகஸ்ட் 14-இல் ஜப்பானிய அமெச்சூர் வானியலாளர் இட்டகாகி கண்டுபிடித்த டெல்ஃபினஸ் நோவா 6.8-இலிருந்து இரண்டே நாளில் 4.3-ஐத் தொட்டது. முதல் இரவின் எக்ஸ்போஷர் அங்கே உதவாது: 16 பிட் கேமராவில் உச்ச பிக்சல் 30,000-ஐத் தாண்டாமல் நேரத்தைக் குறையுங்கள், அல்லது ஃபோகஸைச் சற்றுக் கலையுங்கள்.

உச்சத்தின்போது கண்ணே தேவலை. மேக்னிட்யூட் எட்டைவிட மங்கியபின் கேமராதான்.