மூன்று கணினி, ஒரே கணக்கு: வீட்டுக்கு எந்த டேட்டாபேஸ்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அண்ணனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பில் போட அங்கே ஒரு கணினி. மாடியில் அண்ணி சரக்கு வரவு ஏற்ற ஒரு லேப்டாப். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க என்னுடையது ஒன்று. மூன்றிலிருந்தும் ஒரே கணக்கில் எழுத வேண்டும். இதற்காக எஸ்கியூலைட், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் என்ற மூன்று டேட்டாபேஸ் (டேட்டாவைச் சேமித்து வைக்கும்) மென்பொருள்களையும் ஓட்டிப் பார்த்தேன்.

எஸ்கியூலைட்டுக்குச் சர்வரே (மற்ற கணினிகள் கேட்பதைக் கொடுக்கும் தனி நிரல்) கிடையாது, மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல். ஒற்றைக் கணினி என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வைத்து மூன்று பேர் திறப்பது ஆபத்து. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்று அது போடும் பூட்டு, நெட்வொர்க் ஃபோல்டரில் சரியாக விழும் என்று நம்ப முடியாது. அதை உருவாக்கியவர்களே இந்த முறையை வேண்டாம் என்கிறார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

மற்ற இரண்டுக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு, ரவுட்டரில் 192.168.1.50 என்ற முகவரியை அதற்கே நிரந்தரமாக ஒதுக்கினேன். இதைச் செய்யாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடும்போது முகவரி மாறி, கடையில் பில் நின்றுவிடலாம்.

நிறுவியதும் இரண்டுமே சொந்தக் கணினியின் பேச்சை மட்டும்தான் கேட்கும். மரியாடிபியில் பைண்ட் அட்ரஸை (எந்த முகவரியில் கேட்பது என்ற அமைப்பு) மாற்றி, பயனரை 192.168.1.% என்று வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் உருவாக்கினால் முடிந்தது. போர்ட் (சர்வர் கேட்கும் வாசல் எண்) 3306. போஸ்ட்கிரெஸில் இரண்டு ஃபைல்கள். ஒன்றில் எந்த முகவரியில் கேட்பது, இன்னொன்றில் யாரை உள்ளே விடுவது. போர்ட் 5432. முதலாவதை மறந்தால் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்று வரும். இரண்டாவதை மறந்தால் அந்த முகவரிக்கு அனுமதி வரி இல்லை என்று சர்வரே சொல்லும். இந்தப் பிழைச் செய்திகளை நிதானமாகப் படித்தாலே பாதி வேலை தீரும். இரண்டில் எதுவானாலும் ரவுட்டரில் இந்தப் போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

கரண்ட் போனால்? 2011 தானே புயலில் நாள் கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது, எனக்கு இது பெரிய கேள்வி. இரண்டுமே மாற்றத்தை முதலில் லாகில், அதாவது ஒரு பதிவு ஃபைலில், எழுதிவிடுகின்றன (மரியாடிபியில் டேபிள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருக்க வேண்டும்). பிளக்கைப் பிடுங்கியே பார்த்தேன், இரண்டும் எழுந்து நின்றன. அதற்காக யுபிஎஸ் வாங்காமல் இருந்துவிட வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாள் சரக்கு டேபிளில் ஜிஎஸ்டிக்குப் புது நெடுவரிசை சேர்த்து, பழைய வரிசைகளையும் மாற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் தவறு. போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் (செய்ததை ரத்து செய்யும் கட்டளை) கொடுத்தேன், அந்த நெடுவரிசை உட்பட எல்லாம் பழையபடி ஆயிற்று. மரியாடிபியில் டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை, அதுவரை செய்ததையும் சேர்த்துக் கமிட் செய்துவிடும், அதாவது நிரந்தரமாக்கிவிடும். திரும்பி வர வழியில்லை.

மரியாடிபிக்கும் ஒரு பலம் உண்டு. புது வெர்ஷன் போட்டால் பழைய டேட்டாவை அப்படியே திறந்துகொள்ளும், ஒரு அப்கிரேட் கட்டளை போதும். போஸ்ட்கிரெஸில் பெரிய வெர்ஷன் மாறும்போது டேட்டாவைத் தனியாகப் பெயர்க்க வேண்டும். ஆனால் ஒரு வெர்ஷனுக்கு ஐந்து ஆண்டு ஆதரவு இருக்கிறது. கடை மூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அதைச் செய்யலாம். கை தவறுவது நாள் பார்த்து வராது. அதனால் கடைக்குப் போஸ்ட்கிரெஸ்தான் வைத்தேன். வேர்ட்பிரஸ் போன்ற ரெடிமேட் மென்பொருள்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் மரியாடிபியே போடுங்கள்.

இப்போது தினமும் இரவு பத்தரைக்கு டம்ப் (முழு டேட்டாவின் நகல்) எடுத்துக் கடைக் கணினிக்குப் போகிறது. சனிக்கிழமை அண்ணி அதைப் பென்டிரைவில் ஏற்றி மாடி பீரோவில் வைக்கிறார். புயல் எச்சரிக்கை என்றால் சனிக்கிழமை வரை காத்திருப்பதில்லை.