எந்த வண்ணத்துக்கு எந்த மை? காமிக்ஸ் ஃபேன் ஆர்ட் கருவிகள்: ஓர் ஒப்பீடு

ஆல்கஹால் மார்க்கர் பட்டதும் கறுப்புக் கோடு கரைந்து முகமெல்லாம் சாம்பல் கறை இழுபடுகிறதா? மார்க்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியில் இருப்பது பெரும்பாலும் ஷெல்லாக் (அரக்குப் பிசின்) கலந்த இந்தியன் இங்க்காக இருக்கும். ஷெல்லாக் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலுக்குக் கரைந்துவிடும். அதனால்தான் எதால் வண்ணமிடுவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மையைத் தேட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அக்ரிலிக் பிணைப்பு கொண்ட கறுப்பு மை, நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர், மார்க்கர் இரண்டையும் தாங்கும். ஆனால் மையில் முக்கி வரையும் உலோக நிப்பில் சீக்கிரம் இறுகும். பிரஷ்ஷில் காய்ந்தால் அந்தப் பிரஷ் போனதுதான். ஷெல்லாக் மை நிப்பில் சீராக ஓடும், கறுப்பும் பளபளப்பாக நிற்கும். வாட்டர்கலருக்கு அது போதும். சாதாரண பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: அதன் மையே ஆல்கஹாலில் கரைந்ததுதான், மேலே வண்ண மார்க்கர் பட்டால் மீண்டும் கரையும்.

இனி கருவிகள். நிப்பா பிரஷ்ஷா என்பது பழைய சண்டை. ஜி நிப் அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கும், கைக்கு அடங்கும்; தொடக்கத்துக்கு அதுவே நல்லது. மேப்பிங் நிப் முடி, கண்ணிமை, துணியின் நுண்மடிப்பு போன்ற இடங்களுக்கு. புது நிப்பில் துரு பிடிக்காதிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதை ஆல்கஹாலால் துடைக்காமல் தொடங்கினால் மை முத்து முத்தாகத் திரண்டு, கோடு விட்டுவிட்டு வரும். மையில் நிப்பின் நடுத்துளை நனையும் வரை முக்கினால் போதும். மை குறையும்போது நடு வெள்ளையாக, இரு ஓரம் மட்டும் கறுப்பாகத் தண்டவாளம் போலக் கோடு பிளக்கும். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், மீண்டும் முக்குங்கள். சொரசொரப்பான தாளில் நிப் முனை நாரைக் கிளப்பிக்கொண்டு போகும். அதனால் நிப்புக்கு வழவழப்பான பிரிஸ்டல் தாள்தான்.

பிரஷ் கற்க நாளாகும். ஆனால் பறக்கும் அங்கி, தசைநார், அடர் நிழல் என்று காமிக்ஸுக்கே உரிய இடங்களில் அதற்கு ஈடில்லை. 2 அல்லது 3 எண் சேபிள் (விலங்கு முடி) ரவுண்ட் பிரஷ் ஒன்றே மயிரிழையும் போடும், கறுப்பையும் நிரப்பும். சிந்தெடிக் மலிவு, ஆனால் முனை சீக்கிரம் வளைந்துகொள்ளும். முடியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மையில் இறக்கக் கூடாது. உலோகப் பூண் வரை மை ஏறி அங்கே காய்ந்தால் முடி விரிந்துவிடும், கூர்முனை திரும்பாது. வேலைக்கு நடுவிலேயே அடிக்கடி கழுவிக்கொள்ளுங்கள்.

ஒரே தடிமனில் கோடு போடும் நுண்முனைப் பேனாவான ஃபைன்லைனர் பாதுகாப்பான தேர்வு, கொஞ்சம் உயிரற்றதும்கூட. மைக்ரான் என்ற பிராண்டு பேனாவில் 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ., 08 என்றால் 0.50 மி.மீ. ஒரே பேனாவால் முழுப் படத்தையும் முடித்தால் வண்ணப் புத்தகப் பக்கம் மாதிரி தட்டையாக இருக்கும். உருவத்தின் வெளிவிளிம்புக்கு 08, உள்விவரத்துக்கு 03, தூரப் பின்னணிக்கு 01 எனப் பிரித்தாலே ஆழம் வந்துவிடும். கட்டடம், வாகனம், ஆயுதம் இவற்றுக்கு இதுதான் சரி. பிக்மென்ட் (நிறமித் துகள்) மை ஊற்றிய பிரஷ் பேனா, பிரஷ்ஷுக்கும் இதற்கும் நடுவே நிற்கும்.

எதை எடுத்தாலும், பெரிய கறுப்புப் பகுதிகளை நிரப்பும் முன்பே பென்சிலை அழித்துவிடுங்கள். மை போட்ட பிறகு ரப்பர் தேய்த்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும்.

வண்ணத்தில் ஆல்கஹால் மார்க்கர்தான் காமிக்ஸின் தட்டையான பளிச் நிறத்துக்கு அருகில் வரும். காப்பிக் என்ற மார்க்கர் பிராண்டில், எண்ணின் கடைசி இலக்கம் வெளிச்சத்தைக் குறிக்கும். எண் ஏறினால் நிறம் இருளும். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று படி விட்டு எடுத்தால் இழைந்து கலக்கும்: சிவப்பு அங்கிக்கு ஆர்24, ஆர்27, ஆர்29. வெளிர் நிறம் முதலில். ஈரம் காயும் முன் நடு நிறம், ஓரத்தில் அடர். கடைசியில் எல்லையை மறுபடி வெளிர் மார்க்கரால் தடவ வேண்டும். காய்ந்தபின் போட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். கோட்டை ஒட்டி அழுத்தி நிறுத்தினால் நிறம் தாளுக்குள் பரவி வெளியே கசியும், ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். கோட்டின் கூர்மையே முக்கியம் என்றால் 01-இல் மெல்லியதாக வரைந்து, வண்ணம் போட்டு, முழுதும் காய்ந்தபின் பிரஷ்ஷால் கறுப்பைத் தடிக்கலாம். ஈரம் இருக்கும்போது தொட்டால் கோடு பிசிறும், பேனா முனையிலும் மார்க்கர் சாயம் ஏறும்.

வாட்டர்கலர் வானம், புகை, ஒளிவட்டத்துக்கு அழகு. சீருடையின் சமநிறத்துக்கு அது வீண் பாடு. பிரிஸ்டலில் தண்ணீர் பட்டால் தாள் நெளியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஹாட் பிரஸ், அதாவது வழவழப்பாக அழுத்திய தாளில் நிப்பும் ஓடும், நீர்த்த வண்ணப் பூச்சான வாஷும் நிற்கும். கோல்டு பிரஸ்ஸின் மேடுபள்ளம் நிப்புக்குப் பகை, மை குறைந்த பிரஷ்ஷால் தேய்க்கும் டிரை பிரஷ்ஷுக்கு வரம்.

கையில் மையிட்டுக் கணினியில் வண்ணமிடுவது, பரிசோதனை செய்ய ஆசைப்படுபவருக்கு மூன்றிலும் சிறந்த வழி. ஒரே கோட்டோவியத்தில் பத்து நிறத்திட்டங்களைப் பார்க்கலாம், மை கரையும் பயமும் இல்லை. பென்சிலை வெளிர்நீலத்தில் போட்டு 600 டிபிஐ-யில் கலர் ஸ்கேன் எடுத்தால், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்குகளில் நீலச் சேனலை மட்டும் வைத்துக்கொள்ளும்போது பென்சில் தானாக மறையும். கோட்டு லேயரை மல்டிபிளையில் (அடியிலுள்ள நிறம் தெரியும்படி கலக்கும் முறை) மேலே வையுங்கள். அடியில், விளிம்பை மென்மையாக்கும் ஆன்டி-அலையாஸிங்கை அணைத்து, ஃபிளாட் (நிழலற்ற ஒரே நிறம்) நிரப்புங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு நிறத்தைச் சுற்றியும் வெள்ளை விளிம்பு தங்கி, பிறகு தேர்வு செய்யும்போதெல்லாம் தொல்லை தரும். தேர்வை ஒன்றிரண்டு பிக்சல் கோட்டுக்கு அடியில் விரித்துவிடுவதும் நல்லது.

பழைய அச்சுத் தோற்றம் வேண்டுமென்றால் சயான், மெஜந்தா, மஞ்சள் ஒவ்வொன்றையும் 0, 25, 50, 100 சதவீதம் என்ற படிகளில் மட்டும் கலக்குங்கள். மொத்தம் 64 நிறங்கள்தான் கிடைக்கும். கறுப்பு முடிக்கு நீல ஒளி வைக்கும் வழக்கம் இந்தக் குறைந்த நிறத் தட்டில் அருமையாகப் பொருந்தும். பழைய அச்சின் நிறப் புள்ளிகளைக் காட்டும் புள்ளித் திரையை, படத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே போட வேண்டும். போட்டுவிட்டுச் சுருக்கினால் அலையலையாக மொய்ரே கோலம் எழும்.