0800, 03, 0845, 0871: பிரிட்டனில் எந்த எண்ணுக்கு அழைத்தால் எவ்வளவு செலவு?

பிரிட்டனில் வங்கியோ காப்புறுதியோ விமான நிறுவனமோ, ஊரைக் காட்டும் 01, 02 எண்ணைத் தருவது குறைந்துவிட்டது. 03, 08, 09 என்று தொடங்கும் எண்கள்தான் கிடைக்கின்றன. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இவற்றில் காசே இல்லாததும் உண்டு, நிமிடத்துக்கு மூன்று பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. எது எந்த வகை என்பதை முதல் இலக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

0800, 0808 எதிர் 03

0800, 0808 எண்கள் 2015 ஜூலை 1 முதல் கைபேசியிலிருந்தும் இலவசம். அதற்கு முன் தரைவழித் தொலைபேசிக்கு மட்டுமே அந்தச் சலுகை இருந்ததால், கைபேசியில் இவற்றை அழைக்க இன்னும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயங்கவே வேண்டாம். செலவு முழுவதும் அந்த நிறுவனத்துடையது.

2007இல் வந்த 03 இலவச எண் அல்ல. ஆனால் 01, 02 எண்ணுக்கு ஆகும் செலவை விட இதற்கு அதிகம் வாங்கக் கூடாது. உங்கள் திட்டத்தில் இலவச நிமிடங்கள் இருந்தால் 03 அழைப்பும் அதற்குள் அடங்கியே ஆக வேண்டும். அழைப்புக் காசில் நிறுவனத்துக்குப் பங்கு கொடுப்பதற்கும் தடை உண்டு. உங்களைக் காக்க வைப்பதால் அவர்களுக்கு எந்த வருமானமும் இல்லை என்பதால்தான் 03 நம்பத்தக்கது.

வரம்பில்லா நிமிடங்கள் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். நிமிடப் பொதி இல்லாமல் காசு போட்டுப் பேசுகிறவருக்கு மட்டும் 03 நிமிடத்துக்கு நிமிடம் காசைக் குறைக்கும். இரண்டு எண்ணும் கொடுத்திருந்தால் அவர் 0800ஐயே பிடிக்க வேண்டும்.

084 எதிர் 087

பணம் கரையும் இடம் இதுதான். இங்கே கட்டணம் இரண்டு துண்டு. சேவைக் கட்டணத்தை நீங்கள் அழைக்கும் நிறுவனத்தின் தரப்பு நிர்ணயிக்கிறது: 084க்கு நிமிடத்துக்கு அதிகபட்சம் 7 பென்ஸ், 087க்கு 13 பென்ஸ். அணுகல் கட்டணத்தை வாங்குவது உங்கள் தொலைபேசி நிறுவனம். விளம்பரத்தில் முதல் துண்டு மட்டும்தான் தொகையாக இருக்கும். பக்கத்தில் “உங்கள் நிறுவனத்தின் அணுகல் கட்டணம் தனி” என்று ஒரு வரி. அந்தத் தொகை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அணுகல் கட்டணம் நிமிடத்துக்கு 65 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடம் வரிசையில் காத்திருந்தால், 7 பென்ஸ் வாங்கும் 0845 எண்ணுக்கு 14.40 பவுண்டு, 13 பென்ஸ் வாங்கும் 0871க்கு 15.60. வித்தியாசம் வெறும் 1.20. இரண்டிலும் 13 பவுண்டு போவது உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கே. ஆகவே 0845 மலிவு, 0871 விலை அதிகம் என்று பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. கைபேசியில் இரண்டையும் தவிர்ப்பதே சரி. இன்னொன்று: அணுகல் கட்டணத்தில் குறைந்தது ஒரு நிமிடக் காசை வாங்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. இணைப்பு கிடைத்துப் பத்து வினாடியில் வைத்தாலும் அது போய்விடலாம்.

தவிர்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டாவது இலக்கமான 8ஐ 3 ஆக்கி அழைத்துப் பாருங்கள்: 0845 என்பது 0345, 0844 என்பது 0344, 0870 என்பது 0370, 0871 என்பது 0371. 084, 087 வைத்திருப்பவர்கள் மாறிக்கொள்வதற்காகவே 034, 037 தொடர்கள் ஒதுக்கப்பட்டன. எல்லாரும் அதை இயக்குவதில்லை. இயங்கினால் அதே நிறுவனம் எடுக்கும்.

ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவருக்குச் சட்டமும் துணை. 2014 ஜூன் 13 முதல், வாங்கிய பொருள் அல்லது சேவை பற்றிப் பேச வணிகர் தரும் எண் சாதாரணக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. 01, 02, 03, 0800, வழக்கமான கைபேசி எண் எல்லாம் சரி. 084, 087, 09 கூடாது. நிதி நிறுவனங்களுக்கு இதே விதி 2015 அக்டோபர் 26இல் வந்தது. மீறி வாங்கியிருந்தால் கூடுதல் தொகையை வணிகரிடமே திரும்பக் கேட்கலாம். அழைத்த நாள், எண், நிமிடம், தொகை உள்ள பில் பக்கத்தை இணைத்து எழுதுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கான விற்பனை எண்ணுக்கு இந்த விதி பொருந்தாது.

09, 118

09 எண்ணில் சேவைக் கட்டணம் மட்டும் நிமிடத்துக்கு 3.60 பவுண்டு வரை, அல்லது அழைப்புக்கு 6 பவுண்டு வரை போகலாம். எண் விசாரிக்கும் 118க்கு 2019 ஏப்ரலில் 90 வினாடிக்கு 3.65 என்று உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டிலும் அணுகல் கட்டணம் தனி. விசாரித்த எண்ணுக்கு “இணைத்துத் தரவா?” என்று 118இல் கேட்டால் மறுத்துவிடுங்கள். இணைத்த பின்னும் அதே வேகத்தில் காசு ஓடலாம்.

இதைவிட மோசமானவை இணைப்புச் சேவைகள். வரி அலுவலகத்தின் பெயரை இணையத்தில் தேடினால், விளம்பரமாக மேலே வரும் பக்கத்தில் 084, 087 அல்லது 09 எண் இருக்கும். அழைத்தால் அது உங்களை அந்த அலுவலகத்தின் 0300 எண்ணுக்கே திருப்பிவிடும், காத்திருக்கும் நேரமெல்லாம் மீட்டர் ஓடும். அரசு அலுவலக எண்ணை அரசுத் தளத்திலோ உங்களுக்கு வந்த கடிதத்திலோ மட்டுமே எடுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் 09, 118 எண்களைத் தடுத்து வைக்கும்படி தொலைபேசி நிறுவனத்திடம் கேட்பது நல்லது.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து அழைக்கும் உறவினருக்கு 0800 பெரும்பாலும் கிடைக்காது. வெளிநாட்டு அழைப்புக்கென நிறுவனம் தரும் +44 1 அல்லது +44 2 எண்ணைத் தேடிக் கொடுங்கள்.

கடை நடத்துகிறவர் எதை எடுப்பது?

0800 எடுத்தால் உள்ளே வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்கள் கட்ட வேண்டும். முதல் முறை அழைப்பவர்களை நம்பி ஓடும் தொழிலுக்கு அது தகும். மற்றச் சிறு தொழில்களுக்கு 033 போதும். 030 அரசு, தொண்டு அமைப்புகளுக்கு மட்டும். 084 எடுத்துச் சில்லறை சேர்க்க நினைத்தால், பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படியும் இன்னொரு சாதாரண எண் வைத்தே ஆக வேண்டும்.