சாமி படம் இல்லாத கல்யாண கார்டு அடிக்க ஆண்டர்சன் தெருவுல ஒரு கடை

எனக்கும் அவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதனால சுயமரியாதை கல்யாணம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். வீட்டுல பேசி சம்மதிக்க வைக்க எட்டு மாசம் ஆச்சு, அது தனி கதை. அதை விட கார்டு அடிக்கறதுதான் கஷ்டமா இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல.

முதல்ல எங்க ஏரியாவுல ஒரு கடைக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். மேல பிள்ளையார் வேணாம், உ வேணாம், திருக்குறள் மட்டும் போதும்னு சொன்னதும் அந்த ஆள் என்கிட்ட பேசறத விட்டுட்டு அம்மா பக்கம் திரும்பி, "சாமி இல்லாம அடிச்சா பொண்ணு வாழ்க்கை எப்படிம்மா வெளங்கும்"னு கேட்டுட்டாரு. சரி வேலைதானே முக்கியம்னு ஆர்டர் குடுத்தா, ப்ரூஃப்ல ஓரமா சின்னதா உ போட்டே அனுப்பிச்சாரு, கேட்டா "யாருக்கும் தெரியாதும்மா"ன்னாரு. எனக்குத் தெரியுமே. அட்வான்ஸ் போனாலும் போகட்டும்னு விட்டுட்டேன், அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

அப்புறம் ஃப்ரெண்ட் ஒருத்தி சொல்லித்தான் சென்னை பாரிஸ் கார்னர் ஆண்டர்சன் தெருவுல இந்தக் கடைக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். கீழ பேப்பர் குடோன், பக்கத்துல குறுகலான மாடிப்படி, மேல ரெண்டு டேபிள், அவ்ளோதான் கடை. பேரு போட வேணாம்னு ஓனர் அண்ணன் கேட்டுக்கிட்டாரு, பழைய கஸ்டமருங்க என்ன நெனப்பாங்களோன்னு அவருக்கு ஒரு தயக்கம், நானும் சரின்னுட்டேன். நெத்தி நெறைய விபூதி, பின்னாடி முருகன் படத்துக்கு ஊதுவத்தி. அதைப் பாத்ததுமே எனக்கு உள்ள பக்குனு ஆச்சு. விஷயத்தைச் சொன்னேன், அவரு ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல, பீரோவுல இருந்து ஒரு பச்சை ஃபைல் எடுத்து முன்னாடி வெச்சாரு, "இதுல பாருங்கம்மா, இதெல்லாம் சாமி படம் இல்லாதது"ன்னு.

அந்த ஃபைலை நான் ரொம்ப நேரம் பாத்தேன். மத்த கார்டுல "நிகழும் மங்களகரமான"ன்னு ஆரம்பிக்குமே, இதுல "வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா"ன்னு ஆரம்பிக்குது, ஆசீர்வதிக்கன்னு வர்ற இடத்துல வாழ்த்தன்னு இருக்கு, முகூர்த்தம்ங்கற எடத்துல வெறும் நேரம், கீழ தலைமை, வரவேற்புரை, வாழ்த்துரை யாருன்னு வரிசை. எங்களுது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணி, ராகுகாலம்னு தெரிஞ்சேதான் வெச்சோம், எல்லாருக்கும் லீவு, மண்டபமும் காலியா கெடச்சுது. அண்ணன் "5 மணி சரிதானேம்மா, அச்சுல தப்பா வந்துடக் கூடாதுன்னு கேக்கறேன்"னாரு, ஆமான்னேன், எழுதிக்கிட்டாரு. அம்மா முகத்தைப் பாத்துட்டு அவரே, "குலதெய்வத்துக்கு வைக்க பத்து கார்டுல நீங்க வீட்டுல மஞ்சள் தடவிக்கோங்கம்மா, பிரிண்ட்ல ஒண்ணும் மாத்த வேணாம்"னு சொன்னாரு. எட்டு மாசமா எங்களால தீர்க்க முடியாத சண்டை அது, அம்மா உடனே சரின்னுட்டாங்க.

இன்னொரு முக்கியமான விஷயமும் அவர்தான் சொன்னாரு. ரிஜிஸ்டர் பண்ணப் போகும்போது சார்பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணத்துக்கு ப்ரூஃபா பத்திரிகை கேப்பாங்க, கோயில் ரசீது இல்லாதவங்களுக்கு கார்டுதான் ஆதாரம், அதனால பேரு, இனிஷியல் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கணும், கல்யாணத் தேதி, இடம் தப்பில்லாம இருக்கணும்னு ஒவ்வொண்ணா செக் பண்ணாரு. 1928ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல முதல் சுயமரியாதை கல்யாணம் நடந்துச்சு, ஆனா 1967ல அண்ணா ஆட்சியில சட்டம் கொண்டு வந்து 1968 ஜனவரில அமலாகற வரைக்கும் இந்த மாதிரி கல்யாணம் செல்லுமாங்கறதே கேள்விதான், அதுக்கு முன்னாடி நடந்ததும் செல்லும்னு அந்தச் சட்டத்துலதான் வந்துச்சு. இப்ப இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவுப்படி சொந்தக்காரங்களோ நண்பர்களோ முன்னாடி மாலை மாத்தினாலே போதும், ஐயர் தேவையில்ல. சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் கார்டு கடையில நம்ம காரணத்தைச் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு, அதனாலதான் இந்த அண்ணன் ஒண்ணுமே கேக்காம வேலை பாத்தது எனக்கு அவ்ளோ பெருசா தெரிஞ்சுது. நாத்திகம் பேசறவங்கன்னாலே திமிரு, குடும்பத்தை மதிக்க மாட்டாங்கன்னு எங்க சைடுல நெறைய பேரு நெனைக்கறாங்க, அவங்களுக்கு நான் எவ்ளோ விளக்கியிருக்கேன், ஒண்ணும் நடக்கல.

குறைன்னு பாத்தா, சாமி படம் இல்லாத மாடல் மொத்தமே ஆறுதான். சிவகாசியில இருந்து வர்ற கார்டுல பாதிக்கு மேல பிள்ளையார் ஏற்கனவே எம்போஸ் ஆகியே வருது, வேற டிசைன் வேணும்னா தனியா அடிக்கணும், விலை ஏறும். நாங்க எடுத்தது ஒண்ணு 22 ரூபா, 350 கார்டு. முதல் ப்ரூஃப்ல பழைய டெம்ப்ளேட்ல இருந்த "சுபம்" கீழ அப்படியே நின்னுச்சு, வாட்ஸ்அப்ல சொன்னேன், பத்து நிமிஷத்துல எடுத்துட்டு சாரி சொன்னாரு. டெலிவரி ரெண்டு நாள் லேட். ஞாயிறு லீவு, சனிக்கிழமை மத்தியானம் போகாதீங்க, நிக்க எடம் இருக்காது.

பெரியப்பாவுக்கு கார்டு குடுக்கப் போனப்பதான் பயந்துட்டே போனேன். கண்ணாடி போட்டு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாரு, மேல இருந்த "அன்பும் அறனும்" குறளை சத்தமா படிச்சாரு, "ம்... எழுத்து நல்லா பெருசா போட்டிருக்கான்"னு சொல்லிட்டு பெரியம்மாவைக் கூப்பிட்டு காபி போடச் சொன்னாரு. கல்யாணத்துக்கு நாலரைக்கே வந்து முன் வரிசையில உக்காந்திருந்தாரு.