துணைக்கு வருவதாகச் சொன்னவரிடம் ஏமாந்தேன்: இசை நிகழ்ச்சிக்குத் தனியாகச் செல்ல எண்ணுவோர் கவனத்திற்கு

விருப்பமான இசைக்குழுவின் நிகழ்ச்சியைக் காண வெளியூருக்குத் தனியாகச் செல்லலாமா, வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இழந்தது ஒரு நுழைவுச்சீட்டின் முழு விலையும், இரண்டு இரவுகளுக்கான அறை வாடகையில் பாதியும். எப்படி இழந்தேன் என்பதைச் சொல்லும்போது என் அசட்டுத்தனமும் வெளியே வரும், வரட்டும்.

அந்தக் குழுவின் இசையை 15 ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன், நேரில் பார்த்ததில்லை. உடன் வரக்கூடிய தோழியர் இருவரில் ஒருவருக்கு அந்த வாரத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை, மற்றவருக்கு அந்த இசையே ஒத்துக்கொள்ளாது. விற்பனை தொடங்கிய நாளில் நல்ல இடத்தில் ஒற்றை இருக்கை ஒன்று என் திரைக்கு வந்தது. பணம் செலுத்துவதற்கான சில நிமிட அவகாசம் குறைந்துகொண்டே வர, நள்ளிரவில் அரங்கத்திலிருந்து எப்படித் திரும்புவது, கூட்டத்தில் மயக்கம் வந்தால் யார் தாங்குவார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று மாலை ரசிகர் குழுவில், "தனியாக வருவதற்குத் தயக்கமாக இருக்கிறது, யாராவது போகிறீர்களா?" என்று எழுதினேன். எனக்கு என்ன தேவை, எதற்கு நான் அஞ்சுகிறேன் என்ற இரண்டையும் முன்பின் தெரியாத பல்லாயிரம் பேருக்கு முன்னால் எடுத்து வைத்தது அந்த ஒரு வரிதான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு மணி நேரத்திற்குள் தனிச்செய்தி வந்தது. "அக்கா, நீங்க வர்றீங்கன்னா எனக்கும் தைரியமா இருக்கும்" என்று தொடங்கிய அந்தப் பெண், தானும் தனியாகவே வருவதாகவும், உடன் வர இருந்த தோழி பின்வாங்கிவிட்டதால் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதாகவும், இரட்டைக் கட்டில் அறையைக்கூட முன்பதிவு செய்துவிட்டதாகவும் சொன்னார். பத்து நாட்கள் பேசினோம். எந்தப் பாடலை முதலில் பாடுவார்கள் என்று பந்தயம் கட்டினோம். பணத்தைப் பற்றி அவராக வாய் திறக்கவே இல்லை. சீட்டின் விலை என்ன என்று கேட்டவள் நான்தான். அச்சிட்ட விலையைக் கொடுத்தால் போதும் என்றார்.

நான் கவிழ்ந்தது இந்த இடத்தில்தான். மோசடிக்காரர் என்றால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கேட்பவர் என்ற எண்ணமே எனக்குள் ஊறிப்போயிருந்தது. அயர்லாந்தில் 2021-இல் அரங்க நிகழ்ச்சிச் சீட்டுகளை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்ததும், 2024-இல் பிரிட்டனின் ஓயாசிஸ் இசைக்குழு மீண்டும் ஒன்றுசேர்ந்து நடத்தவிருந்த நிகழ்ச்சிகளின் சீட்டுகளை அங்கீகரிக்கப்பட்ட தளங்களில் அச்சிட்ட விலைக்குத்தான் மறுவிற்பனை செய்ய வேண்டும் என்று அறிவித்ததும் எனக்குத் தெரியும். அவையெல்லாம் கள்ளச் சந்தையில் கொள்ளை லாபம் பார்ப்பவர்களுக்கு எதிரான ஏற்பாடுகள். கள்ளச் சந்தைக்காரரிடம் விலை அநியாயமாக இருந்தாலும் பெரும்பாலும் கையில் ஒரு சீட்டாவது இருக்கும். சீட்டே இல்லாதவர் எந்த விலையையும் சொல்லலாம்; நியாயமான விலையைச் சொல்வதுதான் அவருக்கு ஆதாயம்.

சீட்டை இப்போதே மாற்றித் தர முடியுமா என்று கேட்காமல் இல்லை. இன்றைய பெரிய நிகழ்ச்சிகளில் சீட்டு என்பது வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டு, செயலிக்குள் மட்டுமே இருக்கும். பலவற்றில் நுழைவுக் குறியீடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் செயலி வழியாக அவருடைய கணக்குக்கு மாற்ற வேண்டும்; அந்த வசதியைச் சில அமைப்பாளர்கள் நிகழ்ச்சி நெருங்கும் வரை திறப்பதில்லை. இந்த உண்மையைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார். "கடைசி மூணு நாள்லதான் மாத்த முடியும் அக்கா, அதுவரைக்கும் இதை வச்சுக்கோங்க" என்று வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் தெளிவாகத் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். அரங்கத்தின் வரைபடத்தில் அந்த இருக்கையைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தேன். இருக்கை உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்த்த நான், அது அவருடையதுதானா என்று சரிபார்க்கவில்லை.

அவர் தந்த கணக்குக்கு வங்கியிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பினேன். கடன் அட்டை வழியாகச் செலுத்தியிருந்தால், வாங்கிய பொருள் வந்து சேரவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கோர வழியிருந்திருக்கும். பேபால் போன்ற சேவைகளிலும் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தால், வாங்குவோருக்கான பாதுகாப்பு கிடையாது. அறை வாடகையில் என் பங்கையும் அதே வழியில் அனுப்பினேன். விடுதியின் உறுதிச் சீட்டை அவர் காட்டியிருந்தார். அது போலியும் அல்ல. கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய முன்பதிவு என்று அதன் அடியில் எழுதியிருந்ததை நான் ஒரு வசதியாக மட்டுமே பார்த்தேன்.

பயண நாளன்று காலையில் அவரிடமிருந்து வந்த செய்தி, வண்டி தாமதம், நேரே அறைக்கு வந்துவிடுகிறேன் என்பது. மாலையில் நான் விடுதிக்குச் சென்றபோது, அந்த முன்பதிவு மூன்று நாட்களுக்கு முன்பே ரத்து செய்யப்பட்டுவிட்டதாக வரவேற்பில் இருந்தவர் மிகப் பணிவாகச் சொன்னார். செய்தி அனுப்பினேன், அவருடைய கணக்கே காணாமல் போயிருந்தது. தனியாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த எல்லா ஏற்பாடுகளும் சேர்ந்து, அறிமுகமில்லாத ஊரில் அறையும் இல்லாமல் என்னைத் தனியாக நிறுத்தியிருந்தன. அதே விடுதியில் கூடுதல் வாடகைக்கு ஓர் அறை கிடைத்ததை மட்டும் அன்றைய அதிர்ஷ்டம் என்று சொல்லலாம்.

மறுநாள் அரங்கத்தின் உதவி முகப்பில் அந்தப் படத்தைக் காட்டினேன். அங்கிருந்தவர் பார்த்த மாத்திரத்திலேயே தலையை அசைத்தார். சீட்டு வாங்கிய மகிழ்ச்சியில் யாரோ பொதுவெளியில் பதிவிட்ட படம், இருக்கை அவருடையது. எனக்குப் பின்னால் நின்றிருந்த இளைஞரின் கைபேசியிலும் அதே வரிசை, அதே இருக்கை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு வந்த செய்தி "அண்ணா" என்று தொடங்கியதாம்.

பிறகு நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. அமைப்பாளரின் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்க்குமாறு அந்த முகப்பிலிருந்தவரே சொன்னார். மேடை அமைப்புக்காக ஒதுக்கி வைக்கப்படும் சில இருக்கைகள் கடைசி நேரத்தில் விற்பனைக்கு விடப்படுவதுண்டு. வர இயலாதவர்கள் திருப்பிக் கொடுப்பவையும் சேரும். இருவராகச் சேர்ந்து தேடுபவர்களுக்கு அடுத்தடுத்த இடம் கிடைப்பதுதான் அரிது; உதிரியாகக் கிடக்கும் ஓர் இருக்கை, தனியாக வந்தவருக்குத்தான் பயன்படும். நாற்பது நிமிடங்கள் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்ததில் மேல் அடுக்கில் ஒன்று கிடைத்தது. அந்த இளைஞருக்கும் வேறொரு மூலையில் கிடைத்தது. நிகழ்ச்சியைப் பார்த்தேன். தனியாகத்தான் பார்த்தேன், அதில் எந்தக் குறையும் இல்லை. முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே விடுதிக்குத் திரும்பினேன்.

பணம் திரும்பவில்லை. நானே அனுமதித்து அனுப்பிய தொகை என்பதால் மீட்பது கடினம் என்று வங்கி எழுத்துமூலம் பதிலளித்தது. காவல்துறையில் கொடுத்த புகாருக்கு எண் மட்டும் கிடைத்திருக்கிறது. பயணச் செலவைப் பற்றியும் ஒரு சொல்: எல்லாம் நேர்மையாக நடந்தாலும் அது திரும்ப வரும் என்று எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில் வியன்னாவில் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகளும் தாக்குதல் அச்சுறுத்தலால் ரத்தானபோது சீட்டுக்கான பணத்தை அமைப்பாளர் திருப்பித் தந்தார். தொலைவிலிருந்து வந்தவர்களின் பயணச் செலவும் தங்கும் செலவும் அவரவர் பாடாகவே இருந்தன. ரத்து செய்யக்கூடிய அறையை உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

சென்ற வாரம் அதே ரசிகர் குழுவில், அடுத்த சுற்று நிகழ்ச்சிக்குத் தனியாகப் போகலாமா என்று ஓர் இளம்பெண் கேட்டிருந்தார். அதன் கீழே புதிய பெயரில் ஒருவர், பக்கத்து இருக்கை காலியாக இருப்பதாக எழுதி ஒரு படத்தை இணைத்திருந்தார். ஊரும் தேதியும் மாற்றி ஒட்டப்பட்டிருந்தன. வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் அப்படியே இருந்தன. அந்தப் பெண்ணுக்கு உடனே செய்தி அனுப்பினேன்: சீட்டு செயலி வழியாக உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பணம் தருவேன் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், முடிந்தால் இப்போதே வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள் என்று. சொல்லியிருக்கிறார். கேமரா பழுதாகிவிட்டது என்று பதில் வந்ததாம். பத்து நிமிடங்களில் அந்தப் படமும் நீக்கப்பட்டிருந்தது.